கார் ஏன் நின்றது? வகுப்பறைத் தரையில் விசையும் இயக்கமும்

சீமெந்துத் தரையில் ஒரு விளையாட்டுக் காரை வைத்து விரலால் தட்டிவிடுங்கள். கொஞ்சத் தூரம் ஓடும், மெல்ல மெல்ல வேகம் குறையும், நின்றுவிடும். ஏன் நின்றது என்று தரம் ஆறு பிள்ளைகளிடம் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "குடுத்த விசை முடிஞ்சு போச்சு ரீச்சர்."

திருகோணமலையில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கிய காலம் முதல் ஒவ்வொரு வருடமும் இந்தப் பதிலைக் கேட்டு வருகிறேன். ஒருமுறை பெற்றோர் வந்திருந்தபோது அதே காரைத் தட்டிவிட்டு அவர்களிடமும் கேட்டேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். இது யோசிக்காமல் சொல்லும் பதில் இல்லை. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். தரையில் ஒரு பொருள் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டுமென்றால் ஏதோ ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும், தள்ளுவது நின்றால் பொருளும் நிற்கும் என்பது அவருடைய எண்ணம். கண்ணால் பார்ப்பதோடு அது நன்றாகப் பொருந்துகிறது. அதனால்தான் பல நூற்றாண்டுகள் அது நிலைத்து நின்றது.

ஆனால் கார் விசை தீர்ந்துபோனதால் நிற்கவில்லை. விசை என்பது காருக்குள் ஊற்றிவைக்கும் பெற்றோல் மாதிரியான ஒன்றல்ல. உங்கள் விரல் காரை விட்டு விலகிய அந்தக் கணத்திலேயே விரல் கொடுத்த விசை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் கார் ஓடியதே! அப்படியென்றால் தொடர்ந்து ஓடுவதற்கு முன்னோக்கிய விசை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. நிற்பதற்குத்தான் ஒரு விசை தேவைப்பட்டது. இந்த ஒன்று பிள்ளையின் மனதில் இறங்கிவிட்டால் விசை, இயக்கம் என்ற பாடத்தில் மீதியெல்லாம் லேசு. இறங்காவிட்டால் சூத்திரங்களைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதலாம், ஆனால் உள்ளுக்குள் அரிஸ்டோட்டில்தான் இருப்பார்.

அதற்காகத்தான் கார்களைத் தரையில் விடுகிறோம்.

முதலில் சொற்களைச் சரிப்படுத்திக்கொள்வோம். விசை என்றால் தள்ளுதல் அல்லது இழுத்தல். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். அதற்கு அளவு உண்டு, திசையும் உண்டு. நின்ற பொருளை ஓடவைக்கும், ஓடுவதை நிறுத்தும், வேகத்தைக் கூட்டும் குறைக்கும், திசையைத் திருப்பும், சிலவேளை பொருளின் உருவத்தையே மாற்றும். அளப்பது நியூட்டன் என்ற அலகில். ஒரு நியூட்டன் எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் 100 கிராம் தேயிலைப் பைக்கற் ஒன்றை உள்ளங்கையில் வையுங்கள். உங்கள் கையை அது கீழே அழுத்துவது ஏறக்குறைய ஒரு நியூட்டன். பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் அந்தப் பைக்கற்றை ஒருதரம் வைத்து எடுப்பது நல்லது. கையில் உணர்ந்த அலகு மறக்காது.

அப்புறம் இன்னொரு சிக்கல். நம் பாடப்புத்தகச் சொற்களும் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகச் சொற்களும் ஒன்றல்ல. ஒரு பொருளில் எவ்வளவு சடம் அடங்கியிருக்கிறது என்பதை நாம் திணிவு என்கிறோம், அங்கே நிறை என்கிறார்கள். பூமி அந்தப் பொருளை இழுக்கும் விசைக்கு நம் சொல் நிறை, அங்கே எடை. ஆக நிறை என்ற ஒரே சொல் பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கிறது. நாம் சொல்லும் ஆர்முடுகல் அங்கே முடுக்கம், நம் சடத்துவம் அங்கே நிலைமம், நம் சக்தி அங்கே ஆற்றல். இணையத்தில் தமிழ்க் காணொளி பார்த்துப் படிக்கும் பிள்ளைகள் இங்கேதான் குழம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையில் இலங்கைச் சொற்களையே எழுதுகிறேன்.

தள்ளாதே, விடு

தேவையானவை அதிகமில்லை. ஒரு மீற்றர் அளவு நீளமான, வழுவழுப்பான பலகை ஒன்று. நாலைந்து தடித்த கொப்பிகள். வெண்கட்டி, அளவு நாடா. நன்றாக உருளும் சிறிய கார் ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகக் கார்கள் இதற்கு மிகப் பொருத்தம். அந்த வகைக் கார்களைப் பற்றி ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஒரு பாடசாலையில் தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுச் சாமானை மட்டுமே பிள்ளைகள் கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். ஜாக் ஓடெல் என்ற பொறியியலாளர் தன் மகளுக்காக அந்த அளவில் ஒரு பித்தளை ரோட் ரோலரைச் செய்துகொடுத்தார். அதிலிருந்துதான் 1953 இல் மாட்ச்பொக்ஸ் கார்கள் சந்தைக்கு வந்தன. வகுப்பறை விதியில் பிறந்த கார் மறுபடி வகுப்பறைக்கு வருவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

பலகையின் ஒரு முனையைக் கொப்பிகளின் மேல் வைத்தால் சாய்தளம் தயார். காரை மேலே பிடித்துவிட்டு, கையை எடுத்துவிடவேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். ஒவ்வொருவரும் ஒரு சின்ன உந்து கொடுத்தே தீருவார்கள். "தள்ளாதே, விடு" என்று நாள் முழுக்கச் சொல்லவேண்டியிருக்கும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? கை ஒருதரம் தள்ளியது போல மறுதரம் தள்ளாது. பூமியின் ஈர்ப்பு அப்படியில்லை. ஒரே உயரத்திலிருந்து விட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் இழுக்கும். கோடு கீறி, முன் சில்லு கோட்டில் நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டால் தகராறு பாதி குறையும். பலகை தரையைத் தொடும் இடத்தில் ஒரு மட்டைத் துண்டை வளைத்து ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காரின் மூக்கு தரையில் முட்டி, அங்கேயே வேகத்தில் பாதி போய்விடும்.

இப்போது சாய்தளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கார் இறங்கி ஓடும் தரையை மட்டும் மாற்றுகிறோம். முதலில் வெறும் சீமெந்துத் தரை. பிறகு ஒரு சாக்கை விரித்து விடுகிறோம். பிறகு ஒரு துவாய். கடைசியாகக் கடற்கரையிலிருந்து ஒரு பையில் அள்ளிவந்த காய்ந்த மணலை ஒரு விரல் தடிப்புக்குப் பரப்பி விடுகிறோம். ஒவ்வொன்றிலும் மூன்று தடவை விட்டு, நின்ற இடத்தை வெண்கட்டியால் குறித்து, அளந்து, நடுத்தரமான தூரத்தை எழுதிக்கொள்ளவேண்டும். ஒரே தடவையில் கிடைத்த அளவை நம்பக்கூடாது. சில்லு கொஞ்சம் திரும்பினாலே தூரம் மாறிவிடும்.

மணலில் கார் இறங்கியவுடனேயே புதைந்து நிற்கும். துவாயில் சற்றுத் தூரம் போகும். சாக்கில் இன்னும் கொஞ்சம். சீமெந்தில் நிறையத் தூரம். இதில் பிள்ளைகளுக்கு ஆச்சரியம் இல்லை. உப்புவெளிக் கடற்கரையில் சைக்கிள் ஓடிய பிள்ளைக்குத் தெரியும், அலை நனைத்த இறுகிய மணலில் சைக்கிள் ஓடும், மேலே உள்ள காய்ந்த மணலில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். ஆச்சரியம் அடுத்த கேள்வியில்தான் இருக்கிறது. நான்கு தடவையும் கார் ஒரே உயரத்திலிருந்துதான் வந்தது. பலகையின் அடியை அடையும்போது நான்கு தடவையும் ஒரே வேகம்தான். கொடுத்தது ஒன்றே என்றால், "குடுத்த விசை" ஏன் மணலில் உடனே முடிந்து சீமெந்தில் மெதுவாக முடியவேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். ஒரு வருடம் பின் வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "மணல் பிடிச்சு நிப்பாட்டினது." அதற்குப் பிறகு அந்த வகுப்பில் "ஏன் நின்றது" என்று யாரையும் நான் கேட்கவில்லை. "எது நிறுத்தியது" என்றுதான் கேட்டேன். கேள்வியை இப்படி மாற்றியவுடன் பிள்ளைகளின் கண் காரிலிருந்து தரைக்குப் போகிறது.

நிறுத்தியது உராய்வு. ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டு நகரும் பரப்புகளுக்கு இடையில், நகர்வுக்கு எதிராக எழும் விசை அது. காரில் அது எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்கலாம். உருளும் சில்லு தரையில் இழுபடுவதில்லை. தொடும் புள்ளி ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் சில்லின் நடுவே உள்ள அச்சு, காரின் உடம்போடு உரசிக்கொண்டே சுழல்கிறது. உராய்வில் ஒரு பங்கு அங்கே. மறு பங்கு, தரை நசிவதால் வருவது. துவாயின் நூல்கள் சில்லின் கீழ் நசிகின்றன. மணலில் சில்லு குழி தோண்டிவிட்டு, தான் தோண்டிய குழியிலிருந்து தானே ஏறி வெளியே வரவேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகும் கூடவே காற்று முன்னாலிருந்து தடுக்கிறது. சின்னக் காருக்கு அது சிறிதுதான், ஓடும் பஸ்ஸுக்கு அது பெரிது.

சரி, தரை இன்னும் வழுவழுப்பாக இருந்தால்? மாபிள் பதித்த தரை என்றால் இன்னும் தூரம் போகும். அதைவிட வழுவழுப்பு என்றால்? அச்சில் உரசலே இல்லை, காற்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்? பிள்ளைகள் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வகுப்பறைச் சுவர் வரை, விளையாட்டுத் திடல் வரை, நிலாவெளி வரை. கடைசியில் யாராவது ஒருவர் சொல்லியே தீருவார்: "நிக்கவே நிக்காது."

இந்த இடத்துக்கு இதே வழியில்தான் கலிலியோவும் வந்தார். அவர் வாழ்ந்தது 1564 முதல் 1642 வரை. நீளமான மரச்சட்டம் ஒன்றில் வழுவழுப்பான பள்ளம் வெட்டி, சரிவாக வைத்து, வெண்கலக் குண்டை உருளவிட்டார். அந்தக் காலத்தில் நொடியை அளக்கும் கடிகாரம் இல்லை. ஒரு பாத்திரத்தின் சிறு துளையால் வடியும் தண்ணீரைப் பிடித்து, அதை நிறுத்து நேரத்தைக் கணித்தார். சரிவில் இறங்கிய குண்டு எதிர்ச் சரிவில் ஏறினால் ஏறத்தாழ விட்ட உயரத்துக்கே போக முயல்கிறது என்று அவர் கண்டார். எதிர்ச் சரிவைச் சாய்த்துச் சாய்த்துக் கொண்டுபோனால் அதே உயரத்தை எட்ட குண்டு இன்னும் அதிக தூரம் ஓடவேண்டும். எதிர்ச் சரிவே இல்லாமல் மட்டமாகிவிட்டால்? உயரத்தை எட்டவே முடியாது, ஓடிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். இரண்டு பலகையை வி வடிவில் வைத்து இதை நாமும் செய்யலாம். நம் கார் கொஞ்சம் குறைந்த உயரத்திலேயே நின்று திரும்பும். அந்தக் குறைவு உராய்வின் பங்கு.

நியூட்டன் 1687 இல் இதைத் தன் முதலாம் விதியாக எழுதினார். வெளியிலிருந்து சமப்படாத விசை ஒன்று தாக்காத வரை, ஓய்விலிருக்கும் பொருள் ஓய்விலேயே இருக்கும், ஓடும் பொருள் அதே கதியில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். இருக்கும் நிலையிலேயே இருக்கும் இந்தப் பண்புக்குத்தான் சடத்துவம் என்று பெயர். உண்மையில் நிற்காமல் ஓடும் கார் உண்டா என்று பிள்ளைகள் கேட்டால் வொயேஜர் 1 ஐச் சொல்லலாம். 1977 இல் ஏவப்பட்ட விண்கலம் அது. இயந்திரம் அதைத் தள்ளிக்கொண்டிருக்கவில்லை. உரசுவதற்குத் தரையும் இல்லை, காற்றும் இல்லை. நொடிக்கு ஏறக்குறைய 17 கிலோமீற்றர் கதியில் இன்றும் போய்க்கொண்டே இருக்கிறது.

உராய்வைக் கெட்டது என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் நடக்க முடியாது, பிரேக் பிடிக்காது, வெண்கட்டி பலகையில் எழுதாது.

உயரம், வேகம், மான்கள்

அடுத்ததாகத் தரையை மாற்றாமல் கொப்பிகளைக் கூட்டுவோம். பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில் ஓட்டோ முனகிக்கொண்டு ஏறும், திரும்பி வரும்போது இயந்திரத்துக்கு வேலையே இல்லை, பிரேக்குக்குத்தான் வேலை. சாய்தளமும் அதுதான். நேர்கீழாக இழுக்கும் ஈர்ப்பின் ஒரு பங்கைப் பலகை தாங்கிக்கொள்கிறது, மறு பங்கு காரைச் சரிவு வழியே இழுக்கிறது. சரிவு கூடினால் அந்தப் பங்கும் கூடும்.

இங்கே விசை தொடர்ந்து தாக்குவதைக் கவனியுங்கள். பலகையில் இறங்கும் நேரம் முழுக்க ஈர்ப்பு இழுத்துக்கொண்டே இருக்கிறது, அதனால் வேகம் கூடிக்கொண்டே போகிறது. இதுதான் ஆர்முடுகல். கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்து, ஒரே கால இடைவெளியில் கார் எங்கெங்கே இருந்தது என்று பலகையில் குறித்துப் பாருங்கள். புள்ளிகளுக்கு இடையிலான தூரம் வளர்ந்துகொண்டே போகும். ஓய்விலிருந்து விட்டால் அடுத்தடுத்த சம இடைவெளிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வரும் என்று கலிலியோ அந்தத் தண்ணீர்க் கடிகாரத்தை வைத்தே கண்டுபிடித்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். பலகை முடிந்து மட்டமான தரைக்கு வந்ததும் சரிவு வழியே இழுப்பது இல்லாமல் போகிறது. உராய்வு மட்டும் பின்னோக்கி இழுக்க, வேகம் குறைந்துகொண்டே வருகிறது. அது அமர்முடுகல். ஆக விசை வேகத்தைக் கொடுத்து வைத்திருப்பதில்லை. வேகத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான்.

உராய்வை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், 10 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் கார் அடியில் நொடிக்கு 1.4 மீற்றர் கதியில் இருக்கும். வேகத்தை இரண்டு மடங்காக்க, அதாவது 2.8 மீற்றர் ஆக்க, உயரத்தை இரண்டு மடங்காக்கினால் போதாது. நான்கு மடங்கு, 40 சென்ரிமீற்றர் வேண்டும். நம் கார் இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் ஓடும், ஆனால் போக்கு இதுவே. தரையில் ஓடும் தூரமோ உயரத்தோடு ஏறக்குறைய சமமாகக் கூடும். உயரம் நான்கு மடங்கு என்றால் தூரமும் சுமார் நான்கு மடங்கு.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு முக்கியமான விஷயம் வெளியே வரும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கு எடுக்கும் தூரம் நான்கு மடங்காகிறது. இது விளையாட்டுக் காருக்கு மட்டும் உரியதல்ல. மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் மோட்டார் சைக்கிள் பிரேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரத்தைப் போல நான்கு மடங்கு, 80 இல் வருவதற்கு வேண்டும். நம் நகரத்தில் புள்ளிமான்கள் வீதியில் சாதாரணமாகத் திரிகின்றன. ஹபரணைப் பக்கம் போகும் வீதியில் யானை கடக்கும். சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறப்போகும் வயதுப் பிள்ளைகளுக்கு, இந்த நான்கு மடங்கை வெண்கட்டிக் கோட்டில் காட்டிவிட்டால் அது அறிவுரையைவிட ஆழமாகப் பதியும். இந்தப் பாடத்தில் நான் ஒருபோதும் அவசரப்படாத இடம் இது.

பாரமான கார்

காரின் மேல் இரண்டு மூன்று நாணயங்களை நாடாவால் ஒட்டிவிட்டு, சாய்தளத்தில் எது முதலில் இறங்கும் என்று பந்தயம் வைப்போம். வெறும் காரா, பாரமான காரா? பெரும்பாலும் பாரமானதற்குத்தான் வாக்கு விழும். விட்டுப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். சிலவேளை பாரமானது ஒரு முடி முந்தும், ஏனென்றால் காற்றின் தடை அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் பிள்ளைகள் எதிர்பார்த்த பெரிய வித்தியாசம் வராது. பாரமான காரைப் பூமி கூடுதலாக இழுக்கிறது, உண்மைதான். ஆனால் அசைக்கவேண்டிய திணிவும் அதே அளவு கூடியிருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடுகிறது.

திணிவின் குணத்தைப் பார்க்க வேண்டுமானால் மட்டத் தரையில், ஒரே விசையால் தள்ளவேண்டும். கதிரையைக் கவிழ்த்து, அதன் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு இறப்பர் வளையத்தை இழுத்துக் கட்டுங்கள். காரை அதில் வைத்து ஐந்து சென்ரிமீற்றர் பின்னால் இழுத்து விடுங்கள். எப்போதும் அதே ஐந்து. இப்போது வெறும் கார் பாய்ந்து போகும், பாரமான கார் சோம்பலாகக் கிளம்பும். ஆர்முடுகலைக் கண்டுபிடிக்க விசையைத் திணிவால் வகுக்கவேண்டும் என்பது நியூட்டனின் இரண்டாம் விதி. 100 கிராம் காரை ஒரு நியூட்டன் தள்ளினால் அதன் வேகம் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 10 மீற்றர் வீதம் கூடும். 200 கிராம் காரை அதே ஒரு நியூட்டன் தள்ளினால் 5 மீற்றர் வீதம்தான்.

கிளம்ப மறுப்பது எதுவோ அது நிற்கவும் மறுக்கும். சீனக்குடா மாவு ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களை உள்துறைமுகத்தில் பார்த்த பிள்ளைகளுக்கு இது புரியும். வள்ளக்காரர் கரைக்குக் கிட்டவந்து இயந்திரத்தை நிறுத்துவார், கொஞ்சம் வழுக்கி வந்து வள்ளம் நிற்கும். கப்பல் அப்படி வர முடியாது. துறைமேடை கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும், பக்கத்தில் இழுவைப் படகுகளும் வேண்டும். தண்ணீரின் தடை ஒருபுறம் இருக்கட்டும், அத்தனை ஆயிரம் தொன் திணிவின் இயக்கத்தை மாற்றுவது லேசான காரியமில்லை.

ஒரு அழிறப்பரை ஒட்டாமல் காரின் கூரையில் வைத்து, சாய்தளத்தின் அடியில் குறுக்கே ஒரு தடித்த புத்தகத்தை வைத்து விட்டுப் பாருங்கள். கார் புத்தகத்தில் மோதி நிற்கும், அழிறப்பர் பறந்துபோய் முன்னால் விழும். எது அதைத் தள்ளியது? எதுவும் தள்ளவில்லை. காரை நிறுத்தப் புத்தகம் இருந்தது, அழிறப்பரை நிறுத்த எதுவும் இருக்கவில்லை. கொழும்பு பஸ்ஸில் சாரதி திடீரென்று பிரேக் பிடித்தால் "முன்னுக்குத் தள்ளிப்போட்டுது" என்கிறோம். நம்மை யாரும் முன்னே தள்ளவில்லை. பஸ் நின்றது, நாம் மட்டும் போய்க்கொண்டிருந்தோம். ஆசனப்பட்டி செய்வதெல்லாம், நம்மை நிறுத்துவதற்கான விசையைக் கண்ணாடிக்குப் பதிலாகத் தான் கொடுப்பதுதான்.

கரைவலை இழுக்கும்போது

கடைசியாக வருவது கடினமான பகுதி. மேசையில் சும்மா நிற்கும் காரில் என்ன விசைகள் தாக்குகின்றன என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார்கள். பூமி கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மேசை அதே அளவில் மேலே தாங்குகிறது. இரண்டும் சமம், அதனால் விளைவு தெரியவில்லை. காரின் முன்னாலும் பின்னாலும் நூல் கட்டி இரண்டு பிள்ளைகள் இழுத்தால் இது கைக்குப் புரியும். இருவரும் சமமாக இழுக்கும்வரை கார் அசையாது, ஆனால் விரல்கள் நோகும். விசை இல்லாததால் அசையாமல் இருப்பது வேறு, விசைகள் சமப்பட்டதால் அசையாமல் இருப்பது வேறு.

அதுவரை சரி. விசைகள் சமப்பட்ட நிலையில் ஒரு பொருள் ஓடிக்கொண்டும் இருக்கலாம் என்பதுதான் பெரியவர்களுக்கும் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. இதற்கு நான் எப்போதும் கரைவலையைத்தான் சொல்வேன். விடியற்காலையில் நிலாவெளிப் பக்கம் போனால் பார்க்கலாம். இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று, அம்பா என்ற மீனவர் பாட்டைப் பாடிக்கொண்டு, இரண்டு கயிற்றையும் கரைக்கு இழுப்பார்கள். உடம்பு பின்னால் சாய்ந்து, குதிக்கால் மணலில் புதைந்து, முழுப் பலத்தோடும் இழுப்பார்கள். வலையோ ஒரே சீரான மெதுவான கதியில் வந்துகொண்டிருக்கும். இத்தனை பேர் இத்தனை விசையோடு இழுத்தும் வலையின் வேகம் ஏன் கூடிக்கொண்டே போகவில்லை? ஏனென்றால் தண்ணீர் அதே அளவு விசையோடு வலையைப் பின்னால் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்னும் பின்னும் சமம். சமமானதால் வேகம் மாறவில்லை. முதலில் வலையைக் கிளப்பியபோது மட்டும் இழுப்பு தடையைவிடக் கூடுதலாக இருந்தது, அப்போதுதான் வேகம் வந்தது.

அரிஸ்டோட்டில் பார்த்த உலகமும் இப்படித்தான் இருந்தது. மாட்டுவண்டி, இழுபடும் வள்ளம், தள்ளப்படும் கல் எல்லாமே இழுப்பு நின்றால் நிற்பவை. இழுக்கிற கை கண்ணுக்குத் தெரிந்தது. பின்னால் பிடித்துக்கொண்டிருந்த உராய்வு தெரியவில்லை. மட்டமான வீதியில் ஒரே வேகத்தில் போகச் சைக்கிளை மிதித்துக்கொண்டே இருக்கவேண்டியிருப்பதும் இதனால்தான். காற்றும் உராய்வும் பின்னால் இழுப்பதை ஈடுசெய்யத்தான் மிதிக்கிறோம்.

மூன்றாம் விதிக்கு ஒரு பலூன் போதும். காரின் மேல் ஊதிய பலூனை, வாய் பின்னால் பார்க்க ஒட்டி விடுங்கள். காற்று பின்னே போகும், கார் முன்னே போகும். பலூன் காற்றைப் பின்னே தள்ளுகிறது, காற்று பலூனை முன்னே தள்ளுகிறது. தாக்கமும் மறுதாக்கமும் அளவில் சமம், திசையில் எதிர். வெளிவந்த காற்று பின்னால் சுவரிலோ வேறெதிலோ முட்டித்தான் கார் போகிறது என்று சிலர் நினைப்பார்கள். அது பிழை. வள்ளத்திலிருந்து இறங்குதுறைக்குக் காலெடுத்து வைக்கும்போது வள்ளம் பின்னே நழுவுவதும் இதே விதிதான். தாக்கம் ஒரு பொருளில், மறுதாக்கம் மற்றப் பொருளில். ஒரே பொருளில் இல்லாததால் இவை ஒன்றையொன்று இல்லாமலாக்குவதில்லை. காரும் மேசையும் உதாரணத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே இரண்டு விசையும் ஒரே காரில் தாக்குகின்றன.

கார் வாங்க வசதியில்லாத வகுப்புக்கும் இது முடியும். தீப்பெட்டி, போத்தல் மூடி நாலு, சாறு உறிஞ்சும் குழாய், ஈர்க்கு போதும். என் அம்மம்மா காலத்தில் குரும்பட்டியும் ஈர்க்கும் வைத்துத் தேர் செய்தார்கள், அதுவும் நன்றாகவே ஓடும். கையால் செய்த கார் கடைக் காரைவிட ஒரு விதத்தில் நல்லது. அது சரியாக ஓடாது. சில்லு ஆடும், அச்சு இறுகும், ஒரு பக்கம் இழுக்கும். ஏன் ஓடவில்லை என்று தேடும்போது பிள்ளை உராய்வைத் தன் விரலால் தொடுகிறது.

அப்படி ஒருநாள் ஒரு பையன் தன் போத்தல்மூடிக் காரோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பலகையின் அடியைத் தாண்டி ஒரு சாண்கூடப் போகவில்லை. பிறகு வீட்டிலிருந்து யாரோ கொண்டுவந்திருந்த தேங்காய் எண்ணெயில் இரண்டு துளியை ஈர்க்கில் விட்டான். சில்லைச் சுழற்றிப் பார்த்தான். மேலே கோட்டில் வைத்து, தள்ளாமல், விட்டான். கார் மற்றவர்களின் வெண்கட்டிக் கோடுகளைத் தாண்டி, வாசலைத் தாண்டி, விறாந்தைக்குப் போய், தூணில் முட்டி நின்றது. எல்லோரும் பின்னால் ஓடினார்கள். "எது நிறுத்தினது?" என்று கேட்டேன். "தூண் ரீச்சர்" என்றான்.